ஓதப்படும் வேதம்: கெய்ரோவில் குர்ஆன் அச்சேறிய வரலாறு

மன்னர் ஃபுஆதின் ஆட்சியில், 1924ஆம் ஆண்டு ஜூலை மாதம், எகிப்து அரசு தன் பொறுப்பில் அச்சிட்டு முடித்த குர்ஆன் பதிப்பு அரபு நாடுகளிலும் அவற்றுக்கு வெளியே பல நிலங்களிலும் பிற்காலப் பதிப்புகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது. பதிமூன்று நூற்றாண்டுகளாக ஆசிரியரின் வாயிலிருந்து மாணவரின் செவிக்கும், எழுதுவோரின் கையிலிருந்து ஏட்டுக்கும் சென்றுகொண்டிருந்த ஒரு வேதம், இயந்திரமும் அரசுத் துறையும் பள்ளிக்கூடமும் ஆளும் காலத்துக்குள் நுழைந்தபோது எதைக் காத்துக்கொண்டது, எதைப் புதிதாக ஏற்றது என்பதை அந்தப் பதிப்பின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. வேதம் மனிதருக்கு எதற்காகத் தரப்பட்டது என்னும் வினாவுக்கு முஸ்லிம் அறிஞர்கள் ஓதி வணங்குவதற்கு, பொருளுணர்வதற்கு, உணர்ந்தபடி வாழ்வதற்கு என்று விடை கூறிவந்துள்ளனர். இவற்றுள் முதலாவதான ஓதலே மற்ற இரண்டையும் தாங்கி நிற்கும் அடித்தளம் என்பதும், நவீன காலம் கொண்டுவந்த ஒவ்வொரு கருவியும் ஓதுவோரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே நிலைத்தது என்பதும் இந்த வரலாற்றிலிருந்து புலனாகின்றன.

முஸ்லிம்களின் நம்பிக்கைப்படி குர்ஆன் ஒரே நாளில் ஒரு நூலாக வந்ததன்று. கி.பி. 610ஆம் ஆண்டளவில் மக்காவில் தொடங்கி, 632இல் மதீனாவில் நபிகள் நாயகம் மறையும் வரை, ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் அது பகுதி பகுதியாக அருளப்பட்டது. அனாதைகளின் சொத்து, கடன் பத்திரம், வாரிசுப் பங்கு, போர், உடன்படிக்கை, அண்டை வீட்டாரோடு கொள்ளும் உறவு என அச்சமூகம் எதிர்கொண்ட நிகழ்வுகளை ஒட்டிப் பல வசனங்கள் வந்தமையால், எந்த வசனம் எச்சூழலில் அருளப்பட்டது என்று ஆராயும் ‘அஸ்பாபுந் நுஸூல்’ என்னும் தனித் துறையே பிற்காலத்தில் உருவாயிற்று. வாழ்க்கையோடு அவ்வளவு நெருங்கியிருந்த அந்த வசனங்கள் தொழுகையில் நின்றவாறு ஓதப்படுவனவாகவும் இருந்தன. நாள்தோறும் ஐந்து வேளைத் தொழுகையில் குர்ஆனின் பகுதிகளை மனனத்திலிருந்து ஓத வேண்டியிருப்பதால், எழுத்தறியாத உழவரும் வணிகரும்கூட வேதத்தின் ஒரு பகுதியையேனும் நெஞ்சில் சுமந்தனர். முழுவதையும் மனனம் செய்தவர் ‘ஹாஃபிழ்’, அதாவது காப்பாளர், என்று மதிக்கப்பட்டார்.

எழுத்து வடிவத்தில் முழுத் தொகுப்பு தேவைப்பட்டது ஓதுவோரின் இழப்பினால்தான் என்பது மரபு நூல்கள் கூறும் செய்தி. நபிகள் நாயகத்தின் மறைவுக்குப் பின்னர் யமாமாவில் முஸைலிமா என்பவரின் படையோடு நடந்த போரில் குர்ஆனை மனனம் செய்திருந்தோர் பலர் வீழ்ந்தனர். இது தொடர்ந்தால் வேதத்தின் பகுதிகள் மனிதரோடு மறைந்துவிடும் என்று அஞ்சிய நபித்தோழர் உமர், முதல் கலீஃபாவான அபூபக்ரிடம் தொகுப்புப் பணியை வலியுறுத்தினார். நபிகள் நாயகம் செய்யாத ஒன்றைத் தாம் எவ்வாறு செய்வது என்று அபூபக்ர் முதலில் தயங்கியதாகவும், பின்னரே இணங்கி, நபியின் எழுத்தராகப் பணியாற்றிய இளைஞர் ஸைத் இப்னு ஸாபித்திடம் பொறுப்பை ஒப்படைத்ததாகவும் அச்செய்தி தொடர்கிறது. பேரீச்ச மட்டைகளிலும் தட்டைக் கற்களிலும் எழுதப்பட்டிருந்தவற்றை மட்டுமன்றி மனிதரின் நெஞ்சங்களில் இருந்தவற்றையும் ஸைத் திரட்டினார் என்று நூல்கள் கூறுவது கருதத்தக்கது. எழுத்தும் மனனமும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றன. அத்தொகுப்பு அபூபக்ரிடமிருந்து உமரிடமும், பின்னர் உமரின் மகளும் நபியின் துணைவியருள் ஒருவருமான ஹஃப்ஸாவிடமும் சென்றது.

மூன்றாம் கலீஃபாவான உஸ்மான் காலத்தில் (644–656) வேறொரு சிக்கல் எழுந்தது. ஆர்மீனியா, அஸர்பைஜான் எல்லைகளில் போரிட்ட ஈராக்கியப் படையினரும் சிரியப் படையினரும் குர்ஆனை ஓதும் முறையில் தம்முள் பூசலிடுவதைக் கண்டு கலங்கிய ஹுதைஃபா இப்னுல் யமான் மதீனாவுக்கு விரைந்து வந்து கலீஃபாவை எச்சரித்தார். ஹஃப்ஸாவிடமிருந்த ஏடுகளை வரவழைத்த உஸ்மான், ஸைதோடு குறைஷிக் குலத்தார் மூவரையும் சேர்த்து ஒரு குழுவை அமைத்து, படிகளை எழுதச் செய்து, கூஃபா, பஸ்ரா, சிரியா முதலிய இடங்களுக்கு அனுப்பி, வேறுபட்ட ஏடுகளை எரித்துவிடுமாறு பணித்தார். கடுமையாகத் தோன்றும் இந்தச் செயல் அன்றும் எதிர்ப்புக்கு உள்ளானது. எனினும் ஒரே வேதத்தை முன்னிட்டு ஒரு சமூகம் பிளவுபடாமல் காக்கப்பட்டதை எண்ணிப் பார்க்கையில், உஸ்மானின் முடிவில் இருந்த தொலைநோக்கை மறுப்பது கடினம். ஒவ்வொரு படியோடும் அதை ஓதிக் காட்டவல்ல ஓர் ஆசிரியரும் அனுப்பப்பட்டார் என்று கிராஅத் நூல்கள் கூறுகின்றன. கிராஅத் என்பது குர்ஆனை ஓதும் முறைகளையும் அவற்றின் வேறுபாடுகளையும் ஆராயும் துறை.

ஏட்டோடு ஆசிரியரும் செல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் அக்கால அரபு எழுத்தின் இயல்பிலேயே இருந்தது. ஒரே வடிவம் கொண்ட எழுத்துக்களை வேறுபடுத்தும் புள்ளிகள் அன்று அரிதாகவே இடப்பட்டன. குற்றுயிர்களுக்குக் குறியீடே இல்லை. எனவே அந்த ஏட்டை, பாடம் கேட்ட ஒருவரே பிழையின்றி ஓத முடிந்தது. அரபு தாய்மொழியல்லாத மக்கள் இஸ்லாத்தில் இணைந்து ஓதும்போது பிழைகள் மிகவே, பஸ்ராவைச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ உயிரொலிகளைக் காட்ட வண்ணப் புள்ளிகளை இட்டார் என்று மரபு கூறுகிறது. அதே நகரில் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவருமான அல்கலீல் இப்னு அஹ்மது, இன்று வழங்கும் உயிர்க்குறிகளுக்கு அடிப்படையான வடிவங்களை அமைத்தார். மைவண்ணம் மாறியும் குறி கூடியும் ஏடு செறிவடைந்தபோதும், ஏட்டை மட்டும் பார்த்து ஓதக் கற்றவரிடம் குர்ஆன் கற்கலாகாது என்னும் நெறி தளரவில்லை.

அந்நெறி எவ்வாறு செயல்பட்டது என்பதற்குக் கூஃபா நகரம் சிறந்த சான்று. அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ என்பவர் உஸ்மான் காலம் தொட்டு ஆளுநர் ஹஜ்ஜாஜின் காலம் வரை அந்நகரில் அமர்ந்து குர்ஆன் கற்பித்தார். அவரிடம் கற்றவர் ஆஸிம் (இறப்பு 745). ஆஸிமிடம் கற்றவர் ஹஃப்ஸ் (இறப்பு 796). மாணவர் தம் ஆசிரியரையும், அவர் தம் ஆசிரியரையும் சுட்டி நபிகள் நாயகம் வரை சென்று சேரும் இந்தப் பெயர்த்தொடர் ‘ஸனது’ எனப்படுகிறது. கற்று முடித்தவருக்குப் பிறருக்குக் கற்பிக்கத் தரப்படும் ஒப்புதல் ‘இஜாஸா’ ஆகும். இத்தகைய தொடர்கள் பெருகியபோது எவற்றை ஏற்பது என்ற வினா எழவே, பாக்தாதைச் சேர்ந்த இப்னு முஜாஹித் (இறப்பு 936) மதீனா, மக்கா, பஸ்ரா, டமாஸ்கஸ் ஆகிய நகரங்களுக்கு ஒவ்வொருவரும் கூஃபாவுக்கு மூவருமாக ஏழு இமாம்களின் ஓதல் முறைகளைத் தெரிந்தெடுத்து நூலாக்கினார். உஸ்மானிய ஏட்டின் எழுத்துக்கு ஒவ்வாத முறைகளை ஓதிய இப்னு ஷனபூத் என்னும் அறிஞர் 935இல் அமைச்சர் இப்னு முக்லாவின் முன் விசாரிக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, தம் முறையைக் கைவிடுமாறு செய்யப்பட்டார். அந்த அமைச்சரே அரபு எழுத்தின் அளவுகளை ஒழுங்குபடுத்திய பெரும் எழுத்துக்கலைஞராகவும் போற்றப்படுபவர் என்பதை எண்ணும்போது, எழுத்தும் ஓதலும் அரசும் அக்காலத்தில் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பது விளங்கும். ஒருமையைக் காப்பதற்காக ஓர் அறிஞரின் உடலை வருத்திய அந்நிகழ்ச்சியை அம்மரபின் பெருமைகளோடு சேர்த்து வைக்க இயலாது. எனினும் அதன்பின் நிலைத்த ஏற்பாடு ஒருமைக்குள் பன்மைக்கு இடமளித்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் இப்னுல் ஜஸரீ ஏழோடு மூன்றைச் சேர்த்துப் பத்து முறைகளை உறுதிப்படுத்தினார்.

அச்சுக் கலையைப் பொறுத்தவரை, குர்ஆனின் முதல் அச்சுப் பதிப்பு முஸ்லிம் நாடுகளில் தோன்றவில்லை. வெனிஸ் நகரில் பகனீனீ குடும்பத்தார் 1537–38 அளவில் அதை அச்சிட்டனர்; நெடுங்காலம் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அப்பதிப்பின் ஒரு பிரதி 1980களில் அந்நகரின் மடமொன்றின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஒரு புள்ளியால் மட்டும் வேறுபடும் எழுத்துக்களைக்கூடப் பிரித்துக் காட்டத் தவறிய அந்த அச்சு எந்த முஸ்லிம் வாசகருக்கும் பயன்பட்டிருக்க முடியாது. பின்னர் ஹாம்பர்க்கில் 1694இலும், இலத்தீன் மொழிபெயர்ப்போடு பதுவாவில் 1698இலும் பதிப்புகள் வந்தன. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனின் ஆணைப்படி 1787இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சான பதிப்பு முஸ்லிம் குடிமக்களுக்காகவே ஆயத்தமாக்கப்பட்டது; அதன் வழியில் கஸான் நகரில் தொடர்ந்து குர்ஆன் அச்சிடப்பட்டது. இஸ்தான்புல்லில் 1727இல் இப்ராஹீம் முத்தஃபர்ரிக்காவுக்கு அச்சகம் நடத்த உரிமை வழங்கப்பட்டபோது சமய நூல்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன.

இந்தத் தயக்கத்தை அறிவுக்கு எதிரான பிடிவாதம் என்று எழுதிவிடுவது பலருக்கும் எளிதாயிற்று. ஆனால் அது நியாயமன்று. கையால் எழுதப்பட்ட பிரதியில் நேரும் பிழை ஒரு பிரதியோடு நிற்கும். அதை ஓதிப் பார்த்துத் திருத்தும் ஹாஃபிழும் அருகிலிருப்பார். அச்சில் நேரும் பிழையோ ஒரே நாளில் ஆயிரம் பிரதிகளில் பரவி, திருத்துவோர் எட்ட முடியாத ஊர்களுக்குச் சென்றுவிடும். எழுத்துக்கள் ஒன்றோடொன்று இணைந்தும், மேலும் கீழும் குறிகள் தாங்கியும் அமையும் அரபு எழுத்தைத் தனித்தனி ஈய அச்சுக்களால் கோப்பது பிழைகளுக்கு இடந்தந்தது. இதனாலேயே எழுதுவோரின் கையெழுத்தை அப்படியே கல்லில் ஏற்றி அச்சிடும் கல்லச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவுடன் முஸ்லிம் நாடுகள் அதை விரைந்து ஏற்றன. இந்தியாவில் லக்னோ, கான்பூர், பம்பாய் ஆகிய நகரங்களின் கல்லச்சகங்கள் குர்ஆனைப் பெருந்தொகையில் வெளியிட்டன. அந்த இந்திய எழுத்து மரபே இன்றும் தமிழகத்து மத்ரஸாக்களில் பரவலாக ஓதப்படும் பிரதிகளில் காணப்படுகிறது.

எகிப்தில் குர்ஆனை அச்சிடும் கேள்வி பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது. ஊர்தோறும் இருந்த ‘குத்தாப்’ என்னும் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் மரப்பலகையில் வசனங்களை எழுதி, மனனம் செய்து, ஆசிரியர் முன் ஓதி ஒப்புவித்தபின் பலகையைக் கழுவி அடுத்த பகுதியை எழுதினர். கண்பார்வையை இளமையிலேயே இழந்த தாஹா ஹுசைன் (1889–1973) சிற்றூர்க் குத்தாபில் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். பிற்காலத்தில் அரபு உரைநடையின் பேராசானாகி, நாட்டின் கல்வி அமைச்சராகவும் ஆனார். எகிப்தின் புகழ்பெற்ற ஓதுவோர் பலர் பார்வையற்றவர்களாக இருந்தமை, இவ்வேதம் கண்ணைவிடச் செவியையே தன் முதன்மை வாயிலாகக் கொண்டதற்குச் சான்றாகும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசுப் பள்ளிகள் பெருகியபோது, பாட வேளைக்கும் தேர்வுக்கும் உட்பட்ட மாணவர்களுக்கு ஒரே சீரான பிரதிகள் தேவைப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்பட்டவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. ரிழ்வான் அல்முகல்லலாத்தீ என்னும் அறிஞர் 1890இல் கெய்ரோவில் கல்லச்சில் வெளியிட்ட பிரதி, வழக்கத்தில் இருந்த எளிய எழுத்துமுறையை விடுத்து உஸ்மானிய எழுத்துமுறையை மீட்க முயன்றது. எனினும் கல்லும் தாளும் தரமற்றிருந்ததால் அது பரவவில்லை.

அந்தப் பணியை அரசின் ஆதரவோடு நிறைவேற்றியவர் எகிப்திய ஓதுவோரின் தலைவராக இருந்த முஹம்மது இப்னு அலீ அல்ஹுசைனீ அல்ஹத்தாத். அவரோடு ஹிஃப்னீ நாஸிஃப், முஸ்தஃபா இனானீ, அஹ்மது அல்இஸ்கந்தரீ ஆகிய மொழியறிஞர்கள் குழுவில் இருந்தனர். இவர்களுள் ஹிஃப்னீ நாஸிஃப் பதிப்பு வெளிவருவதற்கு முன்னரே, 1919இல், காலமானார். எழுத்துமுறைக்கு இவர்கள் பதினோராம் நூற்றாண்டு அந்தலூசிய அறிஞர் அபூ அம்ர் அத்தானீ, அவருடைய மாணவர் அபூ தாவூத் சுலைமான் ஆகியோரின் நூல்களை ஆதாரமாகக் கொண்டனர். உஸ்மானிய ஏடுகளில் எந்தச் சொல் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்பதை அந்நூல்கள் பதிவு செய்திருந்தன. ஓதல் முறைக்கு ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் பெற்ற வழி தெரிந்தெடுக்கப்பட்டது. வசன எண்ணிக்கைக்குக் கூஃபா மரபின்படி 6236 கொள்ளப்பட்டது. எங்கு நிறுத்துவது, எங்கு நிறுத்தலாகாது என்று காட்டும் குறிகள் இடப்பட்டன. புலாக் அச்சகத்தின் எழுத்துக்களால் கோக்கப்பட்ட பக்கங்கள் கீஸாவில் இருந்த நில அளவைத் துறையின் அச்சகத்தில் அச்சாயின. வரைபடங்களைத் துல்லியமாக அச்சிடப் பழகிய இயந்திரங்களே இந்த நுட்பமான குறிகளையும் சிதையாமல் தாளில் பதித்தன.

இப்பதிப்பின் உள்ளியல்பு ஐரோப்பியப் பதிப்புகளோடு ஒப்பிடும்போதுதான் முழுமையாகப் புலப்படும். குஸ்தாவ் ஃப்ளூகல் 1834இல் லைப்சிக்கில் வெளியிட்ட குர்ஆன் ஐரோப்பிய ஆய்வுலகில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கோலோச்சியது. எனினும் அதன் வசன எண்கள் முஸ்லிம் மரபு எதனோடும் முழுமையாகப் பொருந்தவில்லை. பழைய சுவடிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, மூல வடிவத்தை ஊகித்து அமைப்பதே ஐரோப்பியப் பதிப்பு நெறியாக இருந்தது. கெய்ரோக் குழுவோ தொன்மையான சுவடிகளை ஒப்பிடுவதைத் தன் முதற்கடமையாகக் கொள்ளவில்லை. இடையறாத ஸனதின் வழியாகத் தம்மை அடைந்த ஓதலும், எழுத்துமுறையைப் பதிவு செய்த அறிஞர் நூல்களுமே அதற்குப் போதிய சான்றாக விளங்கின. சுவடியியல் அறிஞர் இதைக் குறையாகக் கருதக்கூடும்; ஆனால் ஒரு சமூகம் வணக்கத்தில் அன்றாடம் ஓதிவரும் வேதத்துக்கு, அச்சமூகத்தின் உயிருள்ள வழக்கே முதல் சான்று என்னும் நிலைப்பாடு முரணற்றது. அச்சு இயந்திரம் ஓதுவோரின் இடத்தைப் பறிக்கவில்லை. ஓதுவோரே அச்சைத் தம் பணிக்கு அமர்த்திக்கொண்டனர்.

எனினும் இதில் ஓர் இழப்பும் உண்டு. பத்து முறைகளும் ஒப்ப மதிக்கப்பட்டபோதும், ஒட்டோமான் ஆட்சியில் ஏற்கனவே பரவியிருந்த ஹஃப்ஸ் வழிக்கு இந்த அச்சுப் பதிப்பும் பின்னர் வந்த ஒலிபரப்பும் பெரும் வலிமை சேர்த்தன. மதீனாவின் நாஃபிஇடமிருந்து எகிப்தியரான வர்ஷ் பெற்ற முறை மொராக்கோ, அல்ஜீரியா முதலிய வட ஆப்பிரிக்க நாடுகளிலும், பஸ்ராவின் அபூ அம்ரின் முறை அத்தூரீ வழியாகச் சூடானிலும் நிலைத்தன. ஆனால் முஸ்லிம்கள் பலர் வேறு முறைகள் இருப்பதையே அறியாத நிலை உருவாயிற்று.

ஓதலைப் பிழையின்றி நிலைநிறுத்தும் பணி நடந்துகொண்டிருந்த அதே கெய்ரோவில், பொருளுணரும் கடமை குறித்த விவாதமும் சூடு பிடித்தது. சிரியாவிலிருந்து கெய்ரோ வந்து 1898இல் ‘அல்மனார்’ இதழைத் தொடங்கிய ரஷீத் ரிழாவின் வேண்டுகோளை ஏற்று, சமய அறிஞர் முஹம்மது அப்துஹு (1849–1905) அந்நகரின் அல்அஸ்ஹர் கல்வி நிலையத்தில் 1899 முதல் குர்ஆன் விளக்கவுரை நிகழ்த்தினார். விளக்கவுரை ‘தஃப்ஸீர்’ எனப்படும். பழைய தஃப்ஸீர்கள் பல இலக்கண நுணுக்கங்களிலும் கதைகளிலும் மூழ்கி, வேதம் மனிதரை எங்கு அழைக்கிறது என்பதை மறைத்துவிட்டன என்பது அப்துஹுவின் முறையீடு. இம்மையிலும் மறுமையிலும் மனிதர் நலமடைய வழிகாட்டுவதே குர்ஆனின் நோக்கம்; விளக்கவுரை அந்நோக்கத்துக்குப் பயன்படாவிட்டால் அது வெறும் புலமைப் பயிற்சியே என்று அவர் கருதினார். ஷரீஅத்தின் சட்டங்களுக்குப் பின்னால் உள்ள குறிக்கோள்களை ஆராய்ந்த பதினான்காம் நூற்றாண்டுக் கிரானடா அறிஞர் அஷ்ஷாத்திபியின் நூலை அவர் மாணவர்களுக்குப் பரிந்துரைத்ததும் இக்கருத்தின் தொடர்ச்சியே.

அப்துஹுவின் அணுகுமுறைக்குப் பலதார மணம் பற்றிய அவரது விளக்கம் தக்க எடுத்துக்காட்டு. மனைவியரிடையே நீதி செலுத்த இயலாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிற்குமாறு பணிக்கும் வசனத்தையும், அத்தகைய நீதி மனிதர்க்கு அரிது என்று கூறும் மற்றொரு வசனத்தையும் சேர்த்துப் பார்த்த அவர், தம் காலத்து எகிப்தியக் குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் அடைந்த துயரைச் சுட்டி, அவ்வழக்கம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்று வாதிட்டார். துனீசியா 1956இல் இயற்றிய குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தடை செய்தபோது முன்வைக்கப்பட்ட நியாயங்களிலும் இதே வசனங்களின் இணைப்பு இடம்பெற்றது. வேறு நாடுகளின் அறிஞர்கள் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. வெளிப்படையாக அனுமதிக்கப்பட்ட ஒன்றைச் சட்டத்தால் விலக்க முடியுமா என்று அவர்கள் எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை. இரு தரப்பினரும் ஒரே மூலத்தின் சொற்களையே சான்றாகக் காட்டினர். பிளவு அதைப் படிக்கும் முறையில் இருந்தது. அப்துஹு தம் உரையை நான்காம் அத்தியாயத்தின் இடையில் நிறுத்தி மறைந்தார். தொடர்ந்து எழுதிய ரிழாவும் 1935இல் மறையும்போது பன்னிரண்டாம் அத்தியாயத்தையே எட்டியிருந்தார். ஆனால் இதழின் வாயிலாக வந்த அந்த விளக்கவுரை, மத்ரஸாவில் பயிலாத ஆசிரியரும் வழக்கறிஞரும் அலுவலரும் வேதத்தைத் தம் வாழ்க்கைக்கான நூலாகப் படிக்கும் பழக்கத்தை உண்டாக்கியது.

அரபு அறியாதோர் பொருளை எவ்வாறு அறிவது என்னும் கேள்வி இதனோடு இணைந்து எழுந்தது. தில்லியில் ஷா வலியுல்லாஹ் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பாரசீக மொழிபெயர்ப்பையும், அவருடைய புதல்வர்கள் உருது மொழிபெயர்ப்புகளையும் தந்திருந்தனர். கெய்ரோவிலோ 1920களிலும் 1930களிலும் மொழிபெயர்ப்பு ஆகுமா என்று பெரும் வாதம் நடந்தது. ஐதராபாத் நிஜாமின் பணியில் இருந்த மார்மடியூக் பிக்தால் தம் ஆங்கில மொழிபெயர்ப்போடு அங்கு சென்றபோது எதிர்ப்பையும், அல்அஸ்ஹரின் அறிஞர் அல்மராகீயின் ஆதரவையும் ஒருங்கே கண்டார். வேதத்தின் பொருளை உரைப்பதாகத் தலைப்பிட்டு அந்நூல் 1930இல் வெளிவந்தது. தமிழ் முஸ்லிம்களிடையே, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வழியாகக் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைக் கரையோர ஊர்கள் முதலியவற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விளக்கவுரைகள் வழங்கின. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் கல்லூரியில் பயின்ற அப்துல் ஹமீது பாகவி 1920களில் தொடங்கி, 1940களின் இறுதியில் முழுமையாக வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பு, தமிழ் எழுத்து மட்டும் அறிந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் கதவை அகலத் திறந்தது. ஆயினும் தொழுகையில் ஓதுவது அரபு மூலமாகவே நீடித்தது. ரமலான் இரவுகளின் தராவீஹ் தொழுகையில் ஹாஃபிழின் ஓதலைக் கேட்டு நிற்பவர், வீட்டில் தமிழில் பொருளறியும் வாசகராகவும் இருந்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்கவில்லை என்பது அம்மொழிபெயர்ப்புகளை அஞ்சியவர்களுக்குக் காலம் அளித்த விடை.

மீண்டும் ஓதலைப் பற்றியே ஒரு புதிய கேள்வியை வானொலி கொண்டுவந்தது. எகிப்திய வானொலி 1934 மே 31 அன்று தொடங்கியபோது அதில் ஓதியவர் பார்வையற்ற ஷைக் முஹம்மது ரிஃபஅத். கேளிக்கை இடங்களிலும் ஒலிக்கக்கூடிய கருவியில் வேதத்தை ஓதுவது தகுமா என்று அவர் முதலில் தயங்கி, அல்அஸ்ஹர் அறிஞர்களின் கருத்தைக் கேட்டறிந்த பின்னரே இசைந்தார். தொகுப்புக்கு அபூபக்ர் தயங்கியது போலவும், அச்சுக்கு அறிஞர்கள் தயங்கியது போலவும் இங்கும் தயக்கம் முன்வர, ஒப்புதல் பின்வந்தது.

கால் நூற்றாண்டுக்குப் பின்னர், குர்ஆன் பாதுகாப்புக்கான எகிப்தியச் சங்கமொன்றின் தலைவரான லபீப் அஸ்ஸயீத், ஓதல் முறைகள் அனைத்தையும் ஒலிப்பதிவு செய்யும் திட்டத்தை 1959இல் முன்வைத்தார். யமாமாப் போருக்குப் பின் உமரை வருத்திய அதே கவலையே அவரையும் வருத்தியது: அரிய முறைகளை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர், அவர்களிடம் கற்கும் இளைஞரோ குறைந்துகொண்டே வந்தனர். தந்தா அருகே 1917இல் பிறந்து, ஒலிப்பு விதிகளைக் கூறும் ‘தஜ்வீத்’ துறையில் பெரும்புலமை பெற்ற மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ முதற்பதிவுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஹஃப்ஸ் வழியில் அவர் ஓதிய முழுக் குர்ஆன் 1961இல் இசைத்தட்டுகளாக வெளிவந்து பல நாடுகளை அடைந்தது. இசை நயத்தைவிட ஒவ்வொரு எழுத்தின் பிறப்பிடத்தையும் நீட்சியையும் துல்லியமாகக் காட்டும் அந்த ஓதல், ஆசிரியர் அருகில் இல்லாத ஊர்களிலும் செவிக்குப் பாடமாக அமைந்தது. ஆனால் ஒலித்தட்டு கேட்பவரின் பிழையைத் திருத்தாது என்பதை அத்திட்டத்தின் ஆதரவாளர்களும் அறிந்திருந்தனர்; இன்றும் இஜாஸா பெற விரும்பும் மாணவர் ஓர் ஆசிரியர் முன் அமர்ந்து முழுவதையும் ஓதிக் காட்டவே வேண்டும்.

எகிப்து 1964இல் குர்ஆனுக்கென்றே தனி வானொலி நிலையத்தைத் தொடங்கியது. மதீனாவில் 1984இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து அச்சகம், சிரிய எழுத்துக்கலைஞர் உஸ்மான் தாஹாவின் கையெழுத்தில் அமைந்த ஹஃப்ஸ் வழிப் பிரதிகளைப் பெருமளவில் வெளியிடுகிறது. அதே அச்சகம் மேற்கு ஆப்பிரிக்கருக்கும் மொராக்கோவினருக்கும் வர்ஷ் முறையிலும், லிபியருக்குக் காலூன் என்பவரின் முறையிலும், சூடானியருக்கு அத்தூரீ முறையிலும் தனித்தனிப் பதிப்புகளை அச்சிடுகிறது. ஒவ்வொன்றும் அந்தந்த ஓதல் முறையில் தேர்ந்த அறிஞர் குழுவால் எழுத்துக்கு எழுத்து ஓதிச் சரிபார்க்கப்பட்ட பின்னரே அச்சுக்குச் செல்கிறது.